எதுவும் வேண்டாம் என்பவருக்கு என்ன கொடுப்பது?

பரிசு வாங்கித் தருவதற்கு மிகவும் சிரமமான மனிதர் யார் என்று கொங்கு நாட்டில் கேட்டுப் பார்த்தால், தோட்டத்துச் சாளையில் இருக்கும் அப்பாவுக்குத்தான் முதலிடம் கிடைக்கும். நோம்பிக்கு என்ன எடுத்துத் தரட்டும் என்று கேட்டால், "எனக்கெதுக்கு சாமி, இருக்கறதே போதும். கொழந்தைகளுக்கு எடுத்துக் குடு" என்று முடித்துவிடுவார். போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் டப்பாவோடு பீரோவில் இருக்கும். அதற்கு முந்தைய வருடத்துச் சட்டை மடிப்புக் கலையாமல் அதற்கடியில் இருக்கும்.

அடுத்த இடம் அம்மாவுக்கு. அவருடைய பீரோவில் இனி ஒரு சேலைக்கும் இடமில்லை. அதற்கடுத்து, சொந்தமாகப் பவுண்டரியோ மில்லோ நடத்தி, வேண்டியதை வேண்டியபோது வாங்கிக்கொள்ளும் பெரியப்பா. சர்க்கரை வந்த நாளிலிருந்து இனிப்புப் பெட்டியைப் பார்த்தாலே கும்பிட்டு அனுப்பும் மாமா. விமானத்தில் இவ்வளவு கிலோதான் கொண்டுபோக முடியும் என்று வந்திறங்கியதுமே சொல்லிவிடும் வெளிநாட்டுத் தங்கை. பட்டியல் இப்படி நீளும்.

தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்களில் கோவையில் ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ் கட் ரோட்டிலும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நகரும் கூட்டத்தில் பாதிப்பேர் இவர்களை மனத்தில் வைத்துத்தான் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஒன்றும் தோன்றாமல், கால் வலித்து, கடைசியில் ஓர் இனிப்புப் பெட்டி, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு வேட்டி சட்டைத் துணி என்று வாங்கித் திரும்புகிறார்கள். தேடலைக் கடையில் தொடங்குவதுதான் இந்தச் சங்கடத்துக்குக் காரணம். பரிசு பெறப்போகிறவர் காலையில் எழுந்தது முதல் இரவு படுப்பது வரை என்ன செய்கிறார், எதற்குச் சிரமப்படுகிறார், எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று பார்ப்பதிலிருந்து தொடங்கினால், எதுவும் வேண்டாம் என்கிற மனிதருக்கும் கொடுக்க நிறைய இருக்கிறது. அப்படிக் கொடுக்கத்தக்கவற்றில் பெரும்பாலானவை கோவையிலிருந்து பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்திலேயே விளைகின்றன, நெய்யப்படுகின்றன, அடித்து வார்க்கப்படுகின்றன.

பரிசில் எவ்வளவு பணம் வீணாகிறது என்று பொருளாதாரம் படித்தவர்களும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் 'அமெரிக்கன் எக்கனாமிக் ரிவ்யூ' இதழில் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்த பரிசுகளுக்கு நீங்களாக இருந்தால் எவ்வளவு விலை கொடுப்பீர்கள் என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டு, அதைக் கொடுத்தவர் செய்த செலவோடு ஒப்பிட்டார். மதிப்பில் 10 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை காணாமல் போயிருந்தது. நண்பர்கள் கொடுத்ததில் இழப்பு குறைவு; தாத்தா, பாட்டி, அத்தை, மாமா வகையறா கொடுத்ததில் அதிகம். பெறுகிறவரின் அன்றாடம் தெரியாதவர் வாங்கும் பொருளில்தான் பணம் கரைகிறது என்பது அதிலிருந்து விளங்கும். அந்த உறவினர்களில் பலர் பொருளுக்குப் பதிலாகப் பணமாகவே கொடுத்துவிடுகிறார்கள் என்பதையும் அவர் கண்டார்.

2011இல் பிரான்செஸ்கா ஜினோ, பிரான்சிஸ் ஃப்ளின் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒருவர் வாய்விட்டுக் கேட்ட பொருளைக் கொடுத்தால் அதில் அன்பு குறைவாகத் தெரியும் என்று கொடுப்பவர் தயங்குகிறார். பெறுகிறவருக்கோ, கேட்டதே கிடைத்ததில்தான் நிறைவு அதிகம். 2016இல் ஜெஃப் காலக்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரை இதை மேலும் தெளிவாக்கியது. கொடுப்பவர், பெட்டியைப் பிரிக்கும் அந்த ஒரு நிமிட முகமலர்ச்சியை நினைத்து வாங்குகிறார். பெறுகிறவர், அடுத்து வரும் மாதங்களில் அது எதற்குப் பயன்படும் என்று பார்க்கிறார். கொங்கு நாட்டு அப்பாவின் பீரோவில் தூங்கும் கைக்கடிகாரம் இந்த இடைவெளியில்தான் விழுந்து கிடக்கிறது.

இந்த ஞானம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சீர் என்ற ஏற்பாடே தேவை பார்த்துக் கொடுப்பதில் பிறந்தது. புதுக்குடித்தனம் போகும் பெண்ணுக்குப் போசி, குண்டா, அண்டா, வட்டல்; பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், மஞ்சள், கரும்பு, தேங்காய்; காது குத்துக்குத் தாய்மாமன் சீர். ஒவ்வொன்றும் அந்த வீட்டில் அந்த நேரத்துக்கு வேண்டியதாக இருந்தது. மொய்ப்பணமும் அப்படித்தான். கல்யாண வீட்டுக்காரருக்கு அந்த வாரத்தில் மிகவும் தேவைப்படுவது கையில் ரொக்கம். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு படி கூட்டித் திருப்பிச் செய்தார்கள்.

சீரின் பெயரால் நடந்த கொடுமைகளையும் மறைக்கக் கூடாது. தட்டு எத்தனை, பவுன் எத்தனை என்று ஊர் எண்ணிப் பார்க்கத் தொடங்கியதும், அண்ணன் தம்பிகள் கடன் வாங்கிச் சீர் செய்தார்கள். செய்ய முடியாத வீட்டுப் பெண் புகுந்த வீட்டில் தலைகுனிந்தாள். அந்தப் பகட்டு ஒழிய வேண்டியதுதான். ஆனால் தேவையறிந்து கொடுக்கும் பழக்கமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. இன்று மிச்சமிருப்பது, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கும் அங்கிருந்து மூன்றாவது வீட்டுக்கும் பிரிக்காமலேயே கைமாறும் பெட்டிகள்.

முதலில் அந்தத் தோட்டத்து அப்பாவை எடுத்துக்கொள்வோம். அவருடைய நாளை உற்றுப் பார்த்தால் தேவைகள் வரிசையாகத் தெரியும். த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரம் பார்த்து நடுச்சாமத்தில் கிணற்றடிக்குப் போய் மோட்டார் போடுகிறார். வரப்பில் பாம்பு, பன்றி பயம். செல்போனிலிருந்தே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் முடிகிற ஸ்டார்ட்டர் இன்று கிடைக்கிறது. மோட்டார் என்றால் கோவைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்த ஊர் இது. நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய், அந்த ஸ்டார்ட்டரைப் பொருத்தி, எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று இரண்டு நாள் கூடவே இருந்து பழக்கிவிடுவது, எந்தப் பட்டு வேட்டியையும்விட அவருக்குப் பெரிய தீபாவளி. அதற்கு வசதியில்லாதவர்கள், தலையில் மாட்டிக்கொள்ளும் நல்ல டார்ச் ஒன்றும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒன்றும் வாங்கலாம். உள்ளூர்க் கொல்லுப் பட்டறையில் அவர் கைக்கும் உயரத்துக்கும் ஏற்ற காம்பு போட்டு ஒரு மம்புட்டி அடிக்கச் சொல்லலாம். இவற்றை அவர் பீரோவில் வைத்துப் பூட்ட மாட்டார்.

விவசாயிக்குக் கொடுக்க இன்னொரு நல்ல இடம் மருதமலைச் சாலையில் இருக்கிறது. 1906இல் கோவைக்கு வந்த வேளாண் கல்லூரி 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே விதையும் நாற்றும் விற்கிறார்கள். இரண்டு ஒட்டு மா, ஒரு கொய்யா, ஒரு நெல்லி என்று வாங்கிப் போய்க் குழி தோண்டி நட்டுக் கொடுத்தால், தென்னைக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலோரமாகவே அவையும் வளர்ந்துவிடும்.

அம்மாவின் விஷயத்தில் பொருள்கள் ஏற்கெனவே நிறைந்துவிட்டன. கிரைண்டர் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். பி.சபாபதி 1955இல் கோவையில் மின்சார மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகு, ஆட்டுக்கல்லின் முன் குனிந்து உட்கார்ந்த பல தலைமுறைப் பெண்களின் முதுகு நிமிர்ந்தது. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லில் செய்த கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்நாளில் ஒரு கிரைண்டர் கொடுப்பது உழைப்பையே கொடுத்தது போல. ஆனால் 2011இல் தமிழக அரசே மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் ரேஷன் அட்டைதாரர்களுக்கு வழங்கத் தொடங்கிவிட்டது. இன்றைய அம்மாக்களுக்குப் பிரச்சினை வேறு. பழைய கிரைண்டரின் கல் தேய்ந்து, மாவு நறநறவென்று வருகிறது. அந்தக் கல்லைக் கொத்தி, பெல்ட் மாற்றித் தருவதற்கு யாரும் மெனக்கெடுவதில்லை. மெனக்கெடுகிற பிள்ளைதான் நல்ல பரிசு கொடுத்தவர்.

பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்களையும் ஒரு முறை இறக்கிப் பார்க்கலாம். அம்மா கல்யாணத்துக்கு வந்த அண்டாவும் போசிகளும் உள்ளே ஈயம் போய், புளியும் மோரும் பட்டால் களிம்பு ஏறும் நிலையில் இருக்கும். அதனால்தான் பரணுக்குப் போயின. திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பேர் போன ஊர். தகட்டை வட்டமாக வெட்டி, சம்மட்டியால் அடித்து, பொடி வைத்துப் பற்றவைத்து, மெருகேற்றும் பட்டறைகள் அங்கே தெருத் தெருவாக இருந்தன. எண்ணிக்கை குறைந்தாலும் இன்றும் இருக்கின்றன. ஒடுக்கெடுத்து, ஈயம் பூசி, பளபளவென்று அந்த அண்டா திரும்பி வரும்போது அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். தன் அம்மா கொடுத்த பாத்திரத்தில் பொங்கல் வைப்பதை எந்தப் புதுப் பாத்திரமும் ஈடு செய்யாது. ஈயம் பூசத் தெரிந்த கைக்கும் அன்று வேலை கிடைக்கும்.

சேலைதான் எடுப்பது என்று முடிவானால், கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் சேலையைத் தவிர்த்து, வாரம் இருமுறை கட்டக்கூடியதாக எடுப்பது நல்லது. பொள்ளாச்சிக்கு அருகே நெகமத்தில் நெய்யும் பருத்திச் சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கனமும் உறுதியும் உள்ள சேலை; துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். பட்டும் பருத்தியும் கலந்த கோவைக் கோராச் சேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பொருத்தமானது. கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் தீபாவளியை ஒட்டித் தள்ளுபடியும் உண்டு. 1935இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் வரவுசெலவு நேராக நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களோடு இருப்பதால், கொடுத்த பணம் தறிக்குப் போய்ச் சேரும் வழி குறுகியது.

எல்லாம் வைத்திருப்பவரின் கதைக்கு வருவோம். காரும் பங்களாவும் ஊட்டியில் எஸ்டேட்டும் உள்ளவருக்கு என்ன கொடுப்பது? பவானி ஜமக்காளம் கொடுக்கலாம். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காவிரியும் பவானியும் கூடும் அந்த ஊரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து ஆலைத் துணிகள் வந்து குவிந்து கைத்தறிக்காரர்களின் பிழைப்பைக் குலைத்தபோது, ஜங்கமர் என்ற நெசவாளர்கள் ஆலைகளால் அப்படியே செய்ய முடியாத ஒன்றைத் தேடினார்கள். கெட்டியான பருத்தி நூலில், சிவப்பு, நீலம், பச்சை, ஊதா என்று பட்டை பட்டையாக நிறம் ஓட்டி, தரையில் விரிக்கும் கனத்த விரிப்பை நெய்தார்கள். அதுதான் ஜமக்காளம். அகலமான விரிப்புக்கு ஒருவர் போதாது. குழித்தறியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். இருவர் கையும் காலும் ஒரே தாளத்தில் போனால்தான் பட்டை நேராக விழும். கரையில் செயற்கைப் பட்டு நூல் கொண்டு பூவும் மயிலும் போடுவது இன்னும் நுணுக்கமான வேலை.

கொங்கு நாட்டில் கல்யாணமோ கருமாதியோ பஞ்சாயத்தோ எது நடந்தாலும் முதலில் விரிந்தது ஜமக்காளம். நெசவாளர்களைக் காக்க 1985இல் கொண்டுவந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி விசைத்தறியில் ஜமக்காளம் நெய்யக் கூடாது. 2005-06இல் புவிசார் குறியீடும் வந்தது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய மலிவு விரிப்புகள் பவானி என்ற பெயரிலேயே சந்தையில் விற்கின்றன. நாற்காலியும் சோபாவும் வந்த வீடுகளில் விரிப்புக்கு வேலை குறைந்தது. நெசவாளர்களின் பிள்ளைகள் பெருந்துறை, திருப்பூர்க் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். தறியில் மிஞ்சியிருப்பவர்களில் பலர் வயதானவர்கள்.

இந்த நிலையில் ஒரு பணக்காரப் பெரியப்பாவுக்குச் சொல்லி நெய்த ஜமக்காளம் ஏன் பொருத்தமானது என்பது தெரியும். அவருடைய வீட்டுக் கூடத்தின் அளவை எடுத்துக்கொண்டு போய், அந்த வீட்டுச் சுவருக்குப் பொருந்தும் நிறத்தைத் தேர்ந்து, பவானியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்திடமோ நெசவாளரிடமோ நேரில் சொல்லி நெய்து வாங்கலாம். அப்படி ஒன்று அவருக்குக் கடையில் எடுத்த எடுப்பில் கிடைக்காது. பேரன் பேத்திகள் அதில் உருண்டு விளையாடுவார்கள்; விருந்தாளிகள் வந்தால் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்; இருபது வருடம் உழைக்கும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும், பின்புறமும் முன்புறம் போலவே நிறம் தெளிவாக இருக்க வேண்டும். கைத்தறிதானா என்று அறிய, மத்திய அரசு 2006இல் அறிமுகப்படுத்திய கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்கலாம்.

பள்ளிபாளையம், குமாரபாளையம், ஈரோடு, சோமனூர் என்று விசைத்தறிகள் நிறைந்த பக்கத்தில், பரிசு என்பது எத்தனை அடுப்புகளை எரிய வைக்கும் என்பதற்கு அரசாங்கமே ஒரு சான்று. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது 1983இல் தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டத்துக்கான துணியின் பெரும் பகுதி இந்த வட்டாரத்துத் தறிகளில்தான் ஓடுகிறது. ஆர்டர் வரும் மாதங்களில் தறிச்சத்தம் இரவும் பகலும் கேட்கும்; தாமதமானால் தெருவே வெறிச்சோடும். அரசு கொடுக்கும் பரிசுக்கு உள்ள இந்த வலிமை, லட்சக்கணக்கான வீடுகள் தனித்தனியாகக் கொடுக்கும் பரிசுகளுக்கும் உண்டு. தீபாவளிச் செலவில் பத்தில் ஒரு பங்கு இந்த மண்ணில் நெய்ததற்கும் விளைந்ததற்கும் போனாலே அந்தத் தெருக்களில் நிலைமை மாறும்.

இனிப்புப் பெட்டிகளுக்கு வருவோம். கோவை இனிப்புக்குப் பேர் போன ஊர். என்.கே.மகாதேவ ஐயர் 1948இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் நெய் ஒழுகும் மைசூர்பாவை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. தீபாவளியன்று ஒரு துண்டு மைசூர்பா சாப்பிடுவதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஒரே வீட்டுக்கு எட்டுப் பெட்டி இனிப்பு வந்து சேர்வதில் யாருக்கும் நன்மையில்லை. சாப்பிடக் கூடாதவருக்கு இனிப்புக் கொடுப்பது, அவருடைய நோய் தெரியாது என்று அவரிடமே சொல்வதாகும்.

தின்று தீர்ந்து போகும் பொருள்தான் எல்லாம் இருப்பவருக்கு ஏற்றது என்பதில் மாற்றமில்லை. அது இனிப்பாக இருக்க வேண்டியதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளைக் கிழங்காக வாங்கி, காயவைத்து, அரைத்து ஒரு டப்பாவில் கொடுக்கலாம். கொப்பரைக் களங்கள் நிறைந்த காங்கேயத்திலிருந்து ஆட்டிய தேங்காய் எண்ணெய், ஊத்துக்குளி வெண்ணெயை வீட்டிலேயே முருங்கைக்கீரை போட்டு உருக்கிய நெய், 2023இல் குறியீடு பெற்ற சேலத்து ஜவ்வரிசி, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே சர்க்கரை போகும் கவுந்தப்பாடியிலிருந்து நாட்டுச் சர்க்கரை என்று ஒரு கூடை சேர்த்தால், ஒரு மாதம் முழுக்க அந்த வீட்டுச் சமையலில் கொடுத்தவர் பெயர் அடிபடும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இதிலிருந்து நாட்டுச் சர்க்கரையையும் ஜவ்வரிசியையும் எடுத்துவிட்டு, வேர்க்கடலையும் எள்ளும் வைக்கலாம். விமானத்தில் போகும் தங்கைக்கு அம்மாயி கைப்பட இடித்த பருப்புப் பொடியும் சாம்பார்ப் பொடியும் அரைக் கிலோவுக்குள் அடங்கும்.

படிக்கிற பழக்கமுள்ளவருக்குப் புத்தகம் என்பது எல்லோரும் சொல்வது. கொங்கு நாட்டவருக்குக் கொங்குப் புத்தகம் என்று தேர்ந்து கொடுப்பதில் தனி மகிழ்ச்சி இருக்கிறது. ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்த நாவல். தாராபுரம் பக்கத்துக் கிராமத்துப் பேச்சும் நிலத்தகராறும் அதில் அப்படியே இருக்கின்றன. பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யை வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அப்புச்சி பேசுவதில் பாதி அவர்களுக்குப் புரியத் தொடங்கும். ராஜ வீதியில் விஜயா பதிப்பகத்தில் ஒரு மணி நேரம் நின்று தேர்ந்தெடுப்பது, செல்போனில் விரலைத் தள்ளித் தேர்ந்தெடுப்பதைவிட நல்ல பலன் தரும்.

பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்க எந்தக் கடையிலும் இல்லாத ஒன்று வேண்டும். ஒரு முழு நாள். மேட்டுப்பாளையத்துக்கு ஒரு மணி தூரத்தில் எழுபது வருடம் வாழ்ந்தும் மலை ரயிலில் ஏறாதவர்கள் கோவையில் ஏராளம். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் போன அந்தப் பாதை 46 கிலோமீட்டர்தான். ஆனால் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகளைத் தாண்டி, கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கார் மோகம் விடாத தாத்தாவாக இருந்தால் அவிநாசி சாலையில் ஜி.டி.நாயுடு குடும்பத்தினரின் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு மதியம் போதும். அவர் இளமையில் பார்த்த வண்டிகளின் முன்னால் நின்று பேசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

இன்னும் அவசரமான பரிசுகளும் இருக்கின்றன. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பெரியவரைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போய், கருவி வேண்டுமென்றால் அவர் காதுக்குச் சரியாகப் பொருந்தும் வரை இரண்டு மூன்று முறை கூடவே போய் வருவது. கண்ணில் புரை இருந்தால் பார்த்து அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டுக் கொடுப்பது. இவற்றை அவர்களாக ஒரு நாளும் கேட்க மாட்டார்கள். செலவு என்று தள்ளிப்போடுவார்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று மறைப்பார்கள்.

பரிசு யோசிக்கவே தேவையில்லாத சிலரும் உண்டு. வீட்டு வேலைக்கு வருகிறவர், வாட்ச்மேன், பட்டறையில் உதவியாளர் ஆகியோருக்குக் குக்கரும் டிபன் கேரியரும் வேண்டியதில்லை, பணம் வேண்டும். 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் அதன் வரம்புக்குள் வரும் தொழிலாளருக்கு ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்று வகுத்தது. சட்டத்துக்கு வெளியே நிற்கும் வீட்டு வேலைக்காரருக்கும் அதே அளவைக் கொடுப்பது நியாயம். அதுவும் தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில் கொடுத்தால் அவர் எப்போது கடைக்குப் போவார்? பத்து நாள் முன்னால் கொடுக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் தையல் மிஷின் ஓட்டுகிறவருக்கு, ஊருக்குப் போய்வர உறுதி செய்த ரயில் டிக்கெட்டும் நான்கு நாள் கூடுதல் விடுப்பும்தான் தீபாவளி.

இதையெல்லாம் செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்பார்கள். வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றை வைத்துக்கொண்டு இருபது வீட்டுக்குப் பரிசு பார்க்க வேண்டியிருப்பது உண்மை. அதற்கு வழி, இருபது வீட்டுக்கும் பெட்டி கொடுப்பதை விட்டுவிட்டு, மூன்று பேருக்கு மட்டும் யோசித்துக் கொடுப்பது. மற்றவர்களுக்கு வீட்டில் சுட்ட முறுக்கும் கச்சாயமும் போதும். கைவினைப் பொருள் விலை கூடுதல் என்பதும் உண்மைதான். விசைத்தறி விரிப்பின் விலைக்குக் கைத்தறி ஜமக்காளம் கிடைக்காது. ஆனால் பயன்படாத ஐந்து பொருளின் விலையைக் கூட்டிப் பார்த்தால் நல்லது ஒன்றின் விலை அதற்குள் அடங்கிவிடும். ஆடம்பரம் வேண்டும் என்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஜமக்காளம் பிடிக்காது என்பதும் சரி. அந்தப் பிள்ளையிடம் நேராகக் கேட்டுவிடுவதில் தவறில்லை. கேட்டதைக் கொடுத்தால் மகிழ்ச்சி குறையாது என்பதை அந்த 2011 ஆய்வே காட்டியிருக்கிறது.

தீபாவளிக்குப் பிந்திப்போனாலும் பொங்கலுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அது போதுமான காலம். ஐப்பசியிலேயே கூடத்தின் அளவை எடுத்துப் பவானியில் ஜமக்காளத்துக்குச் சொல்லிவிடலாம். சொல்லி நெய்வதற்கு வாரங்கள் பிடிக்கும். கார்த்திகையில் பரணைத் துடைக்கும்போது பித்தளைப் பாத்திரங்களை இறக்கி அனுப்பர்பாளையத்துக்கு அனுப்பலாம். பட்டிப் பொங்கலுக்கு முன் ஈயம் பூசி வந்துவிடும். மலை ரயிலை மட்டும் மழைக்காலத்தில் திட்டமிட வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் பாதையில் மண் சரிந்து ரயில் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. தை பிறந்த பிறகு ஒரு வார நாளாகப் பார்த்து, முன்பதிவு திறக்கும் அன்றே, அப்புச்சிக்கும் அம்மாயிக்கும் ஜன்னலோரமாகவும் கூடப் போகிறவருக்கு அவர்கள் பக்கத்திலும் இடம் எடுத்துவிடுவது நல்லது.